ஒரு வீடு, இரண்டு விசா



துபாயில் விசா விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து தரும் கடைகளுக்கு டைப்பிங் சென்டர் என்று பெயர். குடும்ப விசா கேட்டு வருபவரிடம் அங்கே உட்கார்ந்திருப்பவர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்ப்பார், சம்பளச் சான்றிதழைப் பார்ப்பார், வீட்டு ஒப்பந்தத்தைப் பார்ப்பார். பிறகு ஒரு கேள்வி கேட்பார்: "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" மனைவி என்று சொல்லலாம், கணவர் என்று சொல்லலாம், மகன், மகள், தாய், தந்தை என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் விரல் நகரும். "ஆறு வருஷமா ஒண்ணா இருக்கோம், இன்னும் கல்யாணம் பண்ணிக்கல" என்று சொன்னால் விரல் நின்றுவிடும். அந்தப் பதிலை எழுதப் படிவத்தில் கட்டம் கிடையாது.

அந்த இல்லாத கட்டம்தான் இன்றைய உரையின் பொருள். மணம் முடிக்காமல் இணைந்து வாழும் வெளிநாட்டினர், மரபைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் ஒரு நாட்டில் நீண்ட காலம் தங்க அனுமதி கேட்டால் என்ன நடக்கிறது? சட்டம் என்ன சொல்கிறது? சட்டம் சொல்லாமல் விட்ட இடத்தில் வாழ்க்கை எப்படி நடக்கிறது? இவற்றை ஐக்கிய அரபு அமீரகத்தை வைத்துப் பார்ப்பது பொருத்தம். அங்கே வாழ்வோரில் மிகப் பெரும்பான்மையினர் வெளிநாட்டினர். குடியுரிமை அவர்களுக்கு ஏறக்குறைய எட்டாத ஒன்று. பத்து ஆண்டு இருந்தவரும் முப்பது ஆண்டு இருந்தவரும் விசாவின் மேல்தான் வாழ்கிறார்கள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் அமீரக விசா என்ற சொல் காதில் விழாத வீடு அரிது. ஆகவே இது தமிழர்களுக்குத் தொலைவான செய்தி அல்ல.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சுற்றிப் பார்க்க வருவது வேறு, தங்கி வாழ வருவது வேறு. சுற்றுலா விசாவில் வரும் ஆணும் பெண்ணும் தனித்தனி பாஸ்போர்ட்டில் தனித்தனியாகவே வருகிறார்கள். இருவருக்கும் என்ன உறவு என்பது விமான நிலைய அதிகாரிக்கு வேண்டாத விவரம். தங்கி வாழ வருபவரின் நிலை அப்படியல்ல. அவருக்கு ஒரு பற்றுக்கோடு வேண்டும். வேலை கொடுக்கும் நிறுவனமோ, ஏற்கெனவே அங்கே வாழும் குடும்ப உறுப்பினரோ, தன் சொந்தச் சொத்தோ சேமிப்போ, ஏதேனும் ஒன்று. வளைகுடா வழக்கில் இந்தப் பற்றுக்கோட்டுக்கு ஸ்பான்சர் என்று பெயர். விசா 'அடிப்பது' என்று ஊரில் சொல்கிறார்களே, அந்த அடிப்புக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஸ்பான்சர் நிற்கிறார்.

குடும்ப உறுப்பினரை அழைத்துக்கொள்ளும் வழி பெரிய சிக்கல் உடையது அல்ல. மாதம் 4,000 திர்ஹம் சம்பளம் இருக்க வேண்டும், அல்லது 3,000 திர்ஹம் சம்பளமும் தங்குமிடமும் இருக்க வேண்டும். வருபவர் ரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் முடிக்க வேண்டும். எமிரேட்ஸ் ஐடி அட்டைக்குக் கைரேகை கொடுக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்க வேண்டிய ஒரு காகிதம் உண்டு. அதுதான் சான்றொப்பம் பெற்ற திருமணச் சான்றிதழ். அது இருந்தால் கதவு திறக்கிறது. அது இல்லாவிட்டால் சம்பளம் 40,000 திர்ஹமாக இருந்தாலும் துணையை அழைத்துக்கொள்ள முடியாது. அமீரகத்தின் பத்தாண்டு கோல்டன் விசா வைத்திருப்பவர் வீட்டுப் பணியாளர்களைக்கூடத் தன் பொறுப்பில் கொண்டுவரலாம். மணமாகாத துணையைக் கொண்டுவர அவருக்கும் வழியில்லை.

எல்லா நாடுகளும் இப்படியா என்று கேட்கத் தோன்றும். இல்லை. கனடாவின் குடிவரவுச் சட்டம் ஓராண்டு தொடர்ந்து ஒன்றாக வாழ்ந்தவர்களைத் துணைவர்கள் என்று ஏற்கிறது. ஆஸ்திரேலியாவிலும் பொதுவாக 12 மாத உறவு காட்டினால் துணைவருக்கான விசா கேட்கலாம். பிரிட்டன் 2 ஆண்டு உறவைக் கேட்கிறது. அங்கெல்லாம் இணையர் கோப்புக் கோப்பாக ஆதாரம் சேர்ப்பார்கள். இருவர் பெயரிலும் உள்ள வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் வரும் மின்கட்டண ரசீது, இருவரும் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தம், சேர்ந்து எடுத்த படங்கள், நண்பர்கள் எழுதித் தந்த கடிதங்கள். அந்தக் கோப்பு எவ்வளவு கனமாக இருந்தாலும் அமீரகத்தில் அதற்கு எடை இல்லை. அங்கே உறவுக்கு ஆதாரம் ஒன்றே. ஒரு பக்கத் திருமணச் சான்றிதழ், அதன் பின்புறத்தில் முத்திரைகள்.

இனிச் சட்டத்துக்கு வரலாம். நடந்த மாற்றங்கள் பலருக்கும் அரைகுறையாகவே எட்டியிருக்கின்றன என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

அமீரகத்தின் பழைய தண்டனைச் சட்டம் 1987ஆம் ஆண்டுடையது. மணமாகாதோரிடையே இருவர் சம்மதத்தோடு நடக்கும் உடலுறவும் அதன்படி குற்றம், ஓராண்டுக்குக் குறையாத சிறை. ஒரே வீட்டில் வாழ்வதே அதற்குச் சான்றாகக் கொள்ளப்படலாம் என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது. பக்கத்து வீட்டாரோடு வாகனம் நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை வந்தால், அந்தச் சண்டை இந்தப் புகாரில் போய் முடியலாம். கர்ப்பப் பரிசோதனைக்கு மருத்துவமனைக்குப் போனால் முதலில் கேட்பது திருமணச் சான்றிதழ். பல்லாண்டுகள் இப்படித்தான் போயின. இணையர் பலர் அலுவலகத்தில் ஒரு முகவரி, உண்மையில் ஒரு முகவரி என்று இரட்டை வாழ்க்கை வாழ்ந்தார்கள்.

2020 நவம்பரில் அரசு சட்டத் திருத்தங்களை அறிவித்தது. மணமாகாதோர் சேர்ந்து வாழ்வது குற்றமாகக் கொள்ளப்படாது என்பது அவற்றுள் ஒன்று. உலகப் பத்திரிகைகள் அதைத் தலைப்புச் செய்தியாக்கின. அடுத்த ஆண்டு தண்டனைச் சட்டமே புதிதாக எழுதப்பட்டது. 2021ஆம் ஆண்டின் 31ஆம் எண் ஆணைச் சட்டம் 2022 ஜனவரி 2 முதல் நடைமுறைக்கு வந்தது. தலைப்புச் செய்தியோடு நின்றுவிட்டவர்கள், இனி எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணினார்கள். சரியாகிவிட்டதா?

அந்தச் சட்டத்தின் 409ஆம் பிரிவை வாசிக்க வேண்டும். 18 வயது நிறைந்த இருவர் சம்மதத்தோடு மணத்துக்கு வெளியே உறவு கொண்டால் 6 மாதத்துக்குக் குறையாத சிறை என்று அது இன்னும் சொல்கிறது. ஆனால் வழக்குத் தொடர ஒரு நிபந்தனை உண்டு. கணவரோ காப்பாளரோ புகார் கொடுக்க வேண்டும். புகார் இல்லாவிட்டால் வழக்கு இல்லை. கொடுத்தவர் புகாரைத் திரும்பப் பெற்றால் வழக்கும் நின்றுவிடும், தண்டனையும் நின்றுவிடும். பக்கத்து வீட்டார் புகாருக்கு இடமில்லை. வீட்டுக்காரர் புகாருக்கு இடமில்லை. காவலர் தாமாகவே கதவைத் தட்டவும் இடமில்லை. இது பெரிய மாற்றம், ஐயமில்லை.

இருந்தாலும் திறவுகோல் யார் கையில் இருக்கிறது? ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்ளலாம். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருவர் துபாயில் கணக்காளராக இருக்கிறார். வயது 29. தானே சம்பாதித்து, தன் பெயரில் விசா வைத்து, தான் விரும்பியவரோடு ஒரு வீட்டில் வாழ்கிறார். அந்தத் துணை வேறு சாதியினர் என்பதால் பெண்ணின் தந்தைக்கு அந்த உறவு பிடிக்கவில்லை. தந்தை காப்பாளர் என்ற முறையில் புகார் கொடுத்தால்? 409ஆம் பிரிவின் சொற்கள் அதற்கு இடம் தருகின்றன. அப்படி நடப்பது அரிதாக இருக்கலாம். ஆனால் அந்தப் பெண் விமானம் ஏறி 2,500 கிலோமீட்டருக்கு மேல் வந்த பிறகும் வீட்டின் கோபம் சட்டத்தின் வழியாக அவரைத் தொட முடியும் என்பதே கவனிக்க வேண்டியது. அரசு தண்டிக்கும் வேலையிலிருந்து விலகி, அந்த உரிமையைக் குடும்பத்தின் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறது.

இந்த முறை அமீரகத்தோடு நிற்கவில்லை. இந்தோனேசியா 2022 டிசம்பரில் நிறைவேற்றிய புதிய தண்டனைச் சட்டம் 2026 ஜனவரி 2 முதல் நடைமுறைக்கு உரியது. மணத்துக்கு வெளியே உறவுக்கு ஓராண்டு வரை, சேர்ந்து வாழ்வதற்கு 6 மாதம் வரை சிறை. அங்கும் புகார் கொடுக்க உரியவர்கள் கணவர் அல்லது மனைவி, மணமாகாதவராக இருந்தால் பெற்றோர் அல்லது பிள்ளைகள். அதே 2022 டிசம்பரில்தான் 200 கோடி ரூபியா வைப்புக் காட்டும் வெளிநாட்டினருக்கு 5 அல்லது 10 ஆண்டு விசாவை அந்நாடு திறந்தது. சவூதி அரேபியா 2019இல் சுற்றுலா விசாவைத் தொடங்கியபோது, வெளிநாட்டு இணையர் விடுதி அறை எடுக்கத் திருமணச் சான்று காட்ட வேண்டாம் என்று அறிவித்தது. இகாமா என்னும் குடியிருப்பு அட்டைக்கு வரும்போது அங்கும் மனைவி, கணவர், பிள்ளை, பெற்றோர் என்ற பழைய வட்டம்தான். விருந்தினரிடம் கேட்காத கேள்வியைக் குடியிருப்பவரிடம் கேட்பது இந்த நாடுகள் எல்லாவற்றுக்கும் பொது.

மீண்டும் அமீரகம். துணையை அழைத்துக்கொள்ள வழியில்லை என்றால் இணையர் என்ன செய்கிறார்கள்? இரண்டு தனியாட்களாக நுழைகிறார்கள். ஒரு வீடு, இரண்டு விசா. ஒவ்வொருவரும் தன் தகுதியில் தன் விசாவை எடுத்துக்கொள்ள வேண்டும். இருவருக்கும் அங்கே வேலை கிடைத்துவிட்டால் இதில் எந்தத் தொல்லையும் இல்லை. விசா அலுவலகத்தின் கண்ணில் அவர்கள் ஒரே ஊரில் வேலை பார்க்கும் இருவர், அவ்வளவே.

ஒருவருக்கு மட்டும் வேலை கிடைத்தால்தான் சிக்கல் தொடங்குகிறது. மற்றவர் என்ன செய்வார்? சில வழிகள் உண்டு. 2022 அக்டோபர் 3 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குடிவரவு விதிகள் ஸ்பான்சர் இல்லாமலே 5 ஆண்டு தங்கும் கிரீன் விசாவைக் கொண்டுவந்தன. தனித்தொழில் செய்பவர் முந்தைய இரண்டு ஆண்டில் 3,60,000 திர்ஹம் ஈட்டியதைக் காட்ட வேண்டும், பட்டமோ அதற்கு இணையான தகுதியோ வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவர் மாதம் 3,500 டாலர் வருமானம் காட்டி ஓராண்டு விசா பெறலாம். மென்பொருள் எழுதுபவர், மொழிபெயர்ப்பாளர், வடிவமைப்பாளர் போன்றோருக்கு இது கைகொடுக்கும். ஊரில் ஆசிரியையாக இருந்து வேலையை விட்டுவிட்டு வந்தவருக்குக் கைகொடுக்காது. பணமுள்ளவருக்குப் பல வாசல்கள் திறந்திருக்கின்றன, பணமில்லாதவருக்குத் திருமணம் என்ற ஒரே வாசல்தான். இந்த ஏற்பாட்டின் கடுமை அதிகம் பேசப்படாமல் போகிறது. மணமாகாமல் சேர்ந்து வாழ்வது அங்கே நடைமுறையில் வசதி உள்ளவர்களின் உரிமையாகிவிட்டது.

சொத்து வாங்கித் தங்கும் வழியிலும் இதே கணக்குத்தான். 20 லட்சம் திர்ஹம் மதிப்புள்ள சொத்து கோல்டன் விசாவுக்குத் தகுதி தருகிறது. கணவனும் மனைவியுமாக இருந்தால் ஒருவர் பெயரில் உள்ள சொத்து இருவரையும் தங்க வைக்கும், மற்றவர் அவர் பொறுப்பில் வருவார். இணையர் ஆளுக்குப் பாதி போட்டு அதே வீட்டை வாங்கினால் ஒவ்வொருவர் பங்கும் 10 லட்சமாகத்தான் நிற்கும். 55 வயது நிறைந்தோருக்கான ஓய்வுக்கால விசாவும் அப்படியே. 10 லட்சம் திர்ஹம் சொத்து அல்லது 10 லட்சம் சேமிப்பு அல்லது மாதம் 20,000 திர்ஹம் வருமானம் என்ற அளவை மணமானவர்களில் ஒருவர் எட்டினால் போதும். மணமாகாதவர்களில் இருவரும் தனித்தனியே எட்ட வேண்டும். முப்பது ஆண்டு ஒன்றாக வாழ்ந்து முதுமைக்கு வந்த இருவரில் ஒருவரிடம் மட்டும் சேமிப்பு இருந்தால், மற்றவர் எங்கே போவார்?

வருகை விசாவில் வந்து வந்து போவார். பலர் செய்வது இதுதான். 5 ஆண்டு பல்முறை வருகை விசா ஒன்று இருக்கிறது. ஒரு முறைக்கு 90 நாள், நீட்டித்தால் ஆண்டுக்கு 180 நாள். பாதி ஆண்டு துணையோடு, பாதி ஆண்டு வேறெங்கோ. அங்கே வசிப்பவர் தம் உறவினரையோ நண்பரையோ வருகைக்கு அழைக்கும் விசாவும் உண்டு. 2025இல் வகுத்த அளவுப்படி நெருங்கிய உறவினரை அழைக்க மாதம் 4,000 திர்ஹம் வருமானம் போதும், நண்பரை அழைக்க 15,000 வேண்டும். பத்தாண்டு ஒன்றாகச் சமைத்து உண்டு, நோயில் பார்த்துக்கொண்ட துணை அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் வருகிறார்? நண்பர் என்ற கட்டத்தில்.

இரண்டு விசா என்பது நல்ல நாளில் ஒரு தொல்லையாகத் தெரியாது. கெட்ட நாளில்தான் தெரியும். மணமானவருக்கு வேலை போன நாளில் அவரை மனைவியோ கணவரோ தம் விசாவின் கீழ் கொண்டுவந்துவிடலாம். இணையரில் ஒருவருக்கு வேலை போனால் அவர் விசா கேன்சல் ஆகிறது, உடனே நாள் எண்ணத் தொடங்குகிறது. கோல்டன், கிரீன் விசா உள்ளோருக்கு 6 மாதம் வரை அவகாசம் உண்டு, மற்றவர்களுக்குக் குறைவு. அந்த நாள் கடந்தால் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் அபராதம். வீடு அதே வீடு, அடுப்பு அதே அடுப்பு, ஆனால் அந்த வீட்டில் ஒருவர் குடியிருப்பவர், மற்றவர் காலக்கெடு முடிந்தவர். மருத்துவக் காப்பீடும் இந்த வழியில்தான் போகிறது. துபாயில் மனைவி, பிள்ளை என்று தம் பொறுப்பில் இருப்பவர்களுக்குக் காப்பீடு எடுப்பது ஸ்பான்சரின் கடமை. துணைக்கு அப்படி ஒரு பொறுப்பாளர் சட்டத்தில் இல்லை.

சாவைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். முஸ்லிம் அல்லாத வெளிநாட்டினர் உயில் எழுதாமல் இறந்தால், 2022ஆம் ஆண்டின் 41ஆம் எண் குடிமைச் சட்டத்தின்படி சொத்தில் பாதி கணவருக்கோ மனைவிக்கோ, பாதி பிள்ளைகளுக்கு. பிள்ளை இல்லாவிட்டால் பெற்றோர், உடன்பிறந்தோர் என்று போகும். மணமாகாத துணைக்கு அந்த வரிசையில் எந்த இடத்திலும் பங்கில்லை. உயில் எழுதினால் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. துபாய் பன்னாட்டு நிதி மையத்தில் 2015 முதல் முஸ்லிம் அல்லாதோர் உயில் பதியலாம். இணையர் பலர் விசா கிடைத்த கையோடு செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலோர் தள்ளிப்போடுகிறார்கள், இளமையில் யாருக்குத்தான் உயில் நினைவு வரும்?

பிள்ளை பிறந்தால்? தண்டனைச் சட்டத்தின் 410ஆம் பிரிவு இதைப் பற்றியது. மணத்துக்கு வெளியே பிள்ளை பிறந்தால் தாய் தந்தை இருவருக்கும் 2 ஆண்டுக்குக் குறையாத சிறை என்று அது தொடங்குகிறது. இங்கே யாருடைய புகாரும் தேவையில்லை. பிறகு விலக்கு வருகிறது. இருவரும் மணம் செய்துகொண்டால் வழக்கில்லை. மணம் செய்யாமலே, சேர்ந்தோ தனித்தனியாகவோ பிள்ளையைத் தம் பிள்ளை என்று ஏற்று, தங்கள் நாட்டுச் சட்டப்படி அடையாள ஆவணமும் பயண ஆவணமும் வாங்கிக் கொடுத்தாலும் வழக்கில்லை. பழைய காலத்தை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தெரியும். மணமாகாத தாய்மார் மருத்துவமனைப் படியேற அஞ்சி, பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல், சான்றிதழ் இல்லாததால் பாஸ்போர்ட் இல்லாமல், பாஸ்போர்ட் இல்லாததால் ஊருக்குக் கொண்டுபோகவும் முடியாமல் தவித்த நாள்கள் இருந்தன. இன்று ஏற்றுக்கொள்ளும் பெற்றோருக்கு வழி இருக்கிறது. ஆனாலும் ஆவணங்களைச் சேர்க்கும் வரை அந்த வீட்டில் நிம்மதி இராது என்பதையும் சொல்ல வேண்டும். வளைகுடாவில் விசா என்பது ஒரு சங்கிலி. பிறப்புச் சான்றிதழ் என்ற முதல் கண்ணி இல்லாவிட்டால் அடுத்த எந்தக் கண்ணியும் கோக்க முடியாது.

வீடு பிடிப்பதைப் பற்றிச் சுருக்கமாக. ஃபேமிலி பில்டிங், பேச்சிலர் ரூம், பெட் ஸ்பேஸ் என்பவை அமீரகத் தமிழர் எல்லோருக்கும் தெரிந்த சொற்கள். குடும்பத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிய கட்டடத்தில் வீட்டுக்காரர் திருமணச் சான்றிதழைக் கேட்கலாம். துபாயில் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவதோடு உடன் குடியிருப்போர் பெயர்களையும் பதிய வேண்டும். ஷார்ஜாவில் 2001இல் வெளியான ஒழுக்க விதிகள் மண உறவு இல்லாத ஆணும் பெண்ணும் தனித்திருப்பதையே ஏற்காதவை. ஏழு அமீரகங்களும் ஒரே நாடுதான், ஆனால் இந்த விஷயத்தில் எல்லா ஊர்க் காற்றும் ஒன்றல்ல.

இவ்வளவும் கேட்டபின் ஒரு கேள்வி எழும். சேர்ந்து வாழ்வதைத் தண்டிக்காமல் விட்ட அரசு, அதை ஒரு உறவாக ஏற்றுக் கட்டம் ஒன்றைச் சேர்த்திருக்கலாமே? அரசு அந்தப் பக்கம் போகவில்லை. அது எடுத்த வழி, திருமணத்தை எளிதாக்குவது. அயல்நாட்டினர் போகாமல் தங்க வேண்டும், அவர்கள் முதலீடும் திறமையும் வேண்டும், மணம் என்ற எல்லைக் கோடும் அழியக் கூடாது. மூன்றையும் ஒன்றாகக் காக்க அரசு கண்ட வழி அதுதான்.

அபுதாபி 2021இல் 14ஆம் எண் சட்டத்தைக் கொண்டுவந்து, முஸ்லிம் அல்லாத வெளிநாட்டினருக்கென்று குடிமைக் குடும்ப நீதிமன்றத்தை நிறுவியது. மணமக்களுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பெண்ணின் தந்தையோ வேறு காப்பாளரோ சம்மதம் தர வேண்டியதில்லை. மணமக்கள் அமீரகத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டியதும் இல்லை, சுற்றுலா வந்தவரும் மணக்கலாம். கட்டணம் 300 திர்ஹம், விரைவாக வேண்டுமென்றால் 800 திர்ஹம். அந்த ஆண்டு டிசம்பரில் கனடா நாட்டு இணையர் முதல் சான்றிதழைப் பெற்றனர். அடுத்துக் கூட்டாட்சி அரசின் 41ஆம் எண் சட்டம் 2023 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதற்கும் குடிமைத் திருமணத்தைக் கொண்டுவந்தது, அதில் வயது 21. சேர்ந்து வாழ்ந்தால் தந்தை புகார் கொடுக்கலாம், மணம் முடித்தால் தந்தையின் ஒப்புதலே தேவையில்லை. அந்தத் திருநெல்வேலிப் பெண் 409ஆம் பிரிவின் நிழலிலிருந்து வெளியே வர ஒரு நீதிமன்ற அறையும் 300 திர்ஹமும் போதும். மணம் வேண்டும் என்று நினைத்து, குடும்பத்துக்கு அஞ்சி நின்றவர்களுக்கு இது விடுதலை. மணம் வேண்டாம் என்று தீர்மானித்தவர்களுக்கு இது நெருக்கடி. விசாவுக்காக மணம் முடிப்பவர்கள் இரண்டாம் வகையினர். அவர்கள் எடுத்த முடிவை அரசு அவர்களுக்காக மாற்றி எழுதிவிடுகிறது.

இந்தியருக்கு இன்னொரு பழைய வழியும் உண்டு. 1969ஆம் ஆண்டின் வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படி, இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால் இந்தியத் தூதரகத்தின் திருமண அதிகாரி மணம் நடத்தி வைக்கலாம். அதற்கு அறிவிப்பு வெளியிட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும். மறுப்புள்ளவர் மறுப்புச் சொல்லவே அந்த 30 நாள். வீட்டுக்குத் தெரியாமல் மணம் முடிக்க நினைப்பவருக்கு அது நீண்ட மாதம்.

தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஒன்றை இங்கே விரித்துச் சொல்வது தகும். மணம் முடித்தும் விசா மேசையில் மணமாகாதவராக நிற்கும் தமிழர்கள் உண்டு. எப்படி? சுயமரியாதைத் திருமணத்தை எடுத்துக்கொள்ளலாம். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. புரோகிதர் வேண்டாம், தீ வேண்டாம். உறவினர் அல்லது நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகத் தெரிந்த மொழியில் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும். மணம் செல்லும். சட்டத்தின் முன் அது முழுமையான திருமணம்.

ஆனால் அந்த இணையர் பதிவு செய்யாமல் விட்டிருந்தால்? தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்யச் சொல்கிறது, அதற்கு 90 நாள். கோயிலில் தாலி கட்டியவரும், மண்டபத்தில் ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டவரும், மாலை மாற்றிக்கொண்டவரும் பலர் அதைச் செய்யாமல் விடுகிறார்கள். ஊரில் யாரும் கேட்கப் போவதில்லை. பத்திரிகை இருக்கிறது, ஆல்பம் இருக்கிறது, ஊரே சாட்சி. கணவருக்குத் துபாயில் வேலை கிடைத்து மனைவியை அழைத்துக்கொள்ளும் நாளில்தான் சார்பதிவாளர் அலுவலகம் நினைவுக்கு வருகிறது. அந்த மேசைக்கு ஊர் சாட்சி எதற்கு? பதிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் மாநில அரசின் ஒப்பம் வேண்டும், பிறகு இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பம், பிறகு இந்தியாவிலுள்ள அமீரகத் தூதரகத்தின் ஒப்பம், கடைசியில் அமீரக வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பம். அரபியில் இல்லாவிட்டால் உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்ப்பு. பெயரில் ஓர் எழுத்து பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாவிட்டால் சங்கிலியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். தந்தை பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாக வைத்துக்கொள்ளும் தமிழ் வழக்கம் இங்கே படுத்தும் பாடு கொஞ்சமல்ல. பாஸ்போர்ட்டில் விரித்தெழுதிய பெயர், சான்றிதழில் ஓரெழுத்து. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நிறுவ இன்னொரு காகிதம். அதுவரை அவர்களும் மணமாகா இணையரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

கடைசியாக, மணம் என்ற வாசல் இவ்வளவு அகலமாகத் திறந்தும் உள்ளே நுழைய முடியாதவர்கள். குடிமைத் திருமணச் சட்டம் முஸ்லிம் அல்லாதோருக்காக எழுதப்பட்டது. முஸ்லிம்களுக்கு அங்கே பொது வழி ஷரீஅத்தின்படியான நிக்காஹ், அதில் பொதுவாக மணமகளின் பக்கம் வலீ என்னும் காப்பாளர் வேண்டும். வலீயாக நிற்க வேண்டிய தந்தையே மறுப்பவராக இருந்தால் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகிறது. முஸ்லிம் பெண் ஒருவர் முஸ்லிம் அல்லாத ஆணை விரும்பினால், அந்த ஆண் மதம் மாறாமல் அந்த வழி இல்லை. ஒருபாலினத் துணைவர்களின் நிலை இதனினும் கடினம். அவர்களுடைய உறவு அமீரகத்தில் இன்றும் குற்றம். வேறு நாட்டில் முறைப்படி மணம் முடித்துச் சான்றிதழோடு வந்தாலும் அந்தச் சான்றிதழ் குடும்ப விசா மேசையில் செல்லாது. காட்டினால் ஆபத்து என்பதால் பெட்டியிலிருந்து அதை எடுப்பதே இல்லை.

இவர்களும் அங்கே வாழ்கிறார்கள். இரண்டு வேலை, இரண்டு விசா, இரண்டு எமிரேட்ஸ் ஐடி. ஒருவருக்கு அறுவை சிகிச்சை என்றால் மற்றவர் கூட வந்த நண்பராக வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். ஒருவர் விசாவைப் புதுப்பிக்கும் தேதியும் மற்றவர் தேதியும் வேறு வேறு. இரண்டையும் ஒரே நாட்காட்டியில் குறித்து வைக்கிறார்கள்.